பேனாவை வாங்காத பாய்

என் கடைச் சுவரில் ஒரு பேங்க் சலானைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். கேஸ்கெட் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில். இன்ஜின் வேலைக்கு வருகிற போட் டிரைவர்கள், "என்னண்ணே, லாட்டரி விழுந்த சீட்டா?" என்று கிண்டலடிப்பார்கள். உண்மையில் அது கிழித்துப் போட்டிருக்க வேண்டிய காகிதம். தொகையை எண்ணில் 150 என்றும் எழுத்தில் நூற்றி ஐந்து என்றும் எழுதியிருப்பேன். 2002 ஜூன். அப்போது எனக்கு வயது 16.

பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு டிடி (டிமாண்ட் டிராஃப்ட்) எடுக்க நானும் பாயும் போயிருந்தோம். அதுவரை நான் பேங்குக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் யாருமே வைத்ததில்லை. கடலுக்குப் போய் அப்பா கொண்டுவரும் பங்குப் பணம் மடியிலிருந்து நேராக அம்மாவின் அரிசிப் பானைக்குள் போய்விடும். உள்ளே போனதும் ஃபேன் சத்தமும் நூலில் கட்டிய பேனாவும் நிமிர்ந்தே பார்க்காத கேஷியரும் சேர்ந்து என்னை என்னவோ செய்துவிட்டார்கள். கை வியர்த்து சலான் ஓரம் நனைந்துவிட்டது. பேனாவை பாயிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே எழுது."

"தப்பாப் போயிட்டா?"

"அந்தப் பெட்டியில இன்னும் நூறு சலான் கிடக்கு. கிழிச்சுட்டு வேற எடு."

தப்பாகத்தான் போனது. இரண்டாவதில் தேதியை எழுத வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். மூன்றாவது சரியாக வந்தது. அவ்வளவு நேரமும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழுகைக்கு நேரமாகிறது என்று எனக்கே தெரியும். ஆனாலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் சலானை ஏனோ கிழிக்க மனசு வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாய் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. வாத்தியாரும் இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருந்த ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவர். ஊருக்கே அவர் 'கணக்கு பாய்'. பழைய எஸ்எஸ்எல்சி படித்தவர். நான் எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே பார் ஐஸ் எண்ணுகிற வேலைக்குப் போவேன். வழுக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொரு பாருக்கும் சுவரில் கரிக்கோடு ஒன்று. ஒருநாள் அவர் நோட்டில் 47, என் சுவரில் 48. போட் ஓனர் அங்கேயே நிற்கிறார். சின்னப் பையன் தப்பாக எண்ணியிருப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாய் எழுந்து போய், உடைக்கிற மெஷினுக்குப் பின்னால் உமியில் கிடந்த ஒரு பாரைக் காலால் தட்டிக் காட்டிவிட்டு வந்து, நோட்டில் 47ஐ அடித்து 48 என்று எழுதினார். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எட்டாவது படிக்கிற பையனிடம் கையெழுத்து! எனக்கு அப்போது கையெழுத்து என்று ஒன்றே கிடையாது. பெயரை முழுசாக எழுதி வைத்தேன்.

அதற்கப்புறம்தான் வியாழக்கிழமை வந்தது. எங்கள் ராமேஸ்வரம் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகு என்று ஒரு முறை உண்டு. அதில் வியாழன் சாயங்காலம்தான் ஐஸ் கம்பெனி காலியாகக் கிடக்கும். "வியாழக்கிழமை அஞ்சரைக்கு வா" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. போனேன். இரண்டு டீ சொன்னார். "இந்த வாரம் என்ன புதுசு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பாய்" என்றேன். "ஏழு நாள்ல ஒண்ணுமே நடக்கலையா? காரல் மீனுக்குக்கூட ஒரு வாரத்துல ஏதாவது நடந்திருக்கும்டா" என்றார். அடுத்த வாரம் சொல்வதற்காகவே பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

எட்டாவதிலிருந்து பாலிடெக்னிக் சேரும்வரை மூன்று வருஷம் இப்படித்தான் போனது. பெரிதாக அவர் எதுவும் கற்றுத் தரவில்லை. பேப்பரில் ஒரு செய்தியை வாசிக்கச் சொல்வார். கடலுக்குப் போகிறவர்கள் மனு எழுதக் கேட்டு வருவார்கள். காணாமல் போன படகு லைசென்ஸ், டீசல் மானியம், முதியோர் பென்ஷன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'பெறுநர்', 'பொருள்', 'பார்வை' எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அங்கே எழுதியது அதிகம். பணம் மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஒரு தடவை நோட்டு வாங்க 50 ரூபாய் கேட்டேன். "இல்ல" என்றார். மறுநாள் சங்காயம் (கழிவு மீன்) எடை போடுகிற இடத்தில் ரெண்டு நாள் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம் என்று சொல்லி அனுப்பினார். அப்போது கோபமாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஐம்பது ரூபாய்தானே!

இந்தப் பழக்கத்துக்கு இப்போது 'மென்டரிங்' என்று பெயர் வைத்து வகுப்பெல்லாம் எடுக்கிறார்கள். எங்கள் கரைக்கு இது புதிது என்று நினைத்துவிடக்கூடாது. கடலில் இது காலம்காலமாக இருக்கிறது. நான் ஒன்பதாவது லீவில் பெரியப்பாவோடு வல்லம் என்கிற நாட்டுப்படகில் போனேன். முதல் தடவை எனக்குக் கொடுத்த வேலை உள்ளே வருகிற தண்ணியை இறைத்து ஊற்றுவது மட்டும். வலையைத் தொட்டால் கையில் அடிப்பார். அடுத்த லீவில் வலை இழுக்க விட்டார். சுக்கான் பிடிக்க விட்டதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. அப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ராமேஸ்வரம் டிவி டவரையும் கோயில் கோபுரத்தையும் வைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார். வாடைக்காற்று அடித்தால் தீவுக்கு வடக்கே இருக்கிற வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தெற்கே இருக்கிற தென்கடல் கொந்தளிக்கும் என்பதை அவர் வாயால் சொன்னதே இல்லை. இரண்டையும் அனுபவிக்க விட்டார். நான் வாந்தி எடுத்தபோது சிரித்தார்.

பெண்களும் அப்படித்தான். என் அம்மா தென்கடல் பக்கம் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போனவர். விரலில் துணி சுற்றுவது, மூச்சைப் பிடிப்பது, பாறையில் கால் கிழியாமல் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பது எல்லாம் அவருடைய மதினி கற்றுக் கொடுத்தது. மூத்தவர் யாரும் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கடலில் இறக்க மாட்டார்கள். அதே பிள்ளை பத்தாவது முடித்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் படியேறும்போது, "போய்க் கேட்டுட்டு வா" என்று தனியாக அனுப்பிவிடுவார்கள். கேட்டால், "எங்களுக்கு என்ன தெரியும், படிச்ச பிள்ளை நீதான்" என்பார்கள். கடலைவிடக் கரைதான் எங்களுக்கு ஆழம் தெரியாத இடம்.

இதையெல்லாம் பேசினால் எங்கள் தீவில் கலாம் பெயர் வராமல் இருக்காது. தங்கச்சிமடத்திலிருந்து கடைக்கு வரும்போது தினமும் பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் வருகிறேன். அங்கே வந்து நிற்கிற பஸ்களால் ரோட்டில் எப்போதும் நெரிசல்தான். அவருடைய ஆசிரியர்களைப் பற்றி எல்லாப் பள்ளி மேடையிலும் சொல்கிறார்கள்: கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவை பறப்பதைக் காட்டிப் பாடம் நடத்திய சிவசுப்பிரமணிய அய்யர், ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் அய்யாதுரை சாலமன். எனக்குப் பிடித்த ஆள் அந்த மேடைகளில் அவ்வளவாக வராத அகமது ஜலாலுதீன். கலாமைவிடச் சுமார் 15 வயது மூத்தவர், பிற்பாடு அக்கா ஜோஹராவின் கணவர். அந்தக் காலத்தில் தீவிலேயே இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானாம். யார் கேட்டாலும் விண்ணப்பமும் கடிதமும் எழுதிக் கொடுப்பாராம். சாயங்காலமானால் சின்னப் பையன் கலாமைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவார். பள்ளிவாசல் தெருவிலிருந்து கடற்கரைக்கு. ஜோஹரா பின்னால் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சென்னை எம்ஐடி இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்தது எல்லாருக்கும் தெரியும். அந்த நகையைக் கொடுக்கத் தோன்றியதற்குப் பின்னால் அத்தனை சாயங்கால நடையும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது எனக்குப் பிடிக்காத பகுதி.

பாலிடெக்னிக் முடித்து, பல ஊர் ஒர்க்ஷாப்பில் கிரீஸ் குடித்துவிட்டு, 2014இல் சொந்தக் கடை போட்டேன். 2016இல் எங்கள் ஊரில் சில பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் வந்தான். வாய் பேச மாட்டான். கணக்கு மட்டும் மின்னல். வியாழக்கிழமை அஞ்சரைக்கு என் கடைக்கு வரச் சொன்னேன். பாயைப் போலவே இரண்டு டீ, "இந்த வாரம் என்ன புதுசு?" எல்லாம் ஜோராக நடந்தது. இரண்டரை மாதம்.

அப்புறம் நாகப்பட்டினத்தில் வரிசையாகப் பத்துப் படகுக்கு இன்ஜின் இறக்கி ஏற்றுகிற வேலை வந்தது. நல்ல பணம். கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். பையனிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, ஞாபகமே வரவில்லை. அதுதான் உறுத்துகிறது. திரும்பி வந்தபோது எதிர் டீக்கடைக்காரர் சொன்னார்: "அந்தப் பய நாலு வியாழக்கிழமை வந்து உன் கடைப் படியில உக்காந்திருந்தான்பா. ஆறரைக்கு எந்திரிச்சுப் போவான். நான் டீ கொடுத்தேன், குடிக்கல."

தேடிப் போனேன். வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னான். சில மாதத்தில் அவன் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. ஆள் சிறையில், படகும் அங்கே. வீட்டில் மூத்த பிள்ளை இவன். பத்தாவது பரீட்சை எழுதாமல் கடலுக்குப் போய்விட்டான். நான் ஊரில் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நாலு வியாழக்கிழமை என் கணக்கில்தான் வரும்.

பிறகு ஒரு தன்னார்வலர் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்கு வந்து, தட்டுத்தடுமாறிப் போனில் தேடிப் படித்தேன். அங்கே 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்று ஓர் அமைப்பு. 1904இல் தொடங்கிய வேலை அது. துணை தேவைப்படுகிற பிள்ளைக்குப் பெரியவர் ஒருவரை அண்ணன் மாதிரி, அக்கா மாதிரி சேர்த்துவிடுவார்கள். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த உறவுகள் எவ்வளவு காலம் நீடித்தன என்று பார்த்து 2002இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை. காலம் குறையக் குறைய நன்மையும் குறைகிறது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடத்தில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே முன்பைவிட இறங்கியிருக்கிறது. அதாவது யாருமே வராமல் இருந்திருந்தால் இதைவிட நல்லது. இரண்டரை மாதம் என்று போனிலேயே விரல் விட்டு எண்ணினேன். 2002இல்தான் நான் சலானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதும் ஞாபகம் வந்தது.

அதே கூட்டத்தில் கேட்ட இன்னொன்று ஹவாயில் உள்ள கவாய் தீவைப் பற்றியது. எமி வெர்னர் என்ற ஆய்வாளர், 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோருக்கு நோய் என்று எல்லாக் கஷ்டமும் சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாக வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்த விஷயங்களில் ஒன்று, அம்மா அப்பா தவிர அக்கறையாக ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வாத்தியாரோ. தீவு என்றதும் எனக்கு அங்கேயும் ஒரு ஐஸ் கம்பெனி இருந்திருக்கும் என்று தோன்றியது. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

2021 கடைசியில், பள்ளிக்கூடங்கள் திறந்தும் பாதிப் பையன்கள் கடலிலிருந்து திரும்பாத நேரம். அம்மாவோடு பாசி எடுத்த ஒரு அக்கா, தன் மகளைக் கடைக்குக் கூட்டி வந்தார். பிள்ளை பத்தாவது. "இவகூட வாரம் ஒருக்கா பேசுப்பா, நீ படிச்சவன்." எனக்குப் பயம். மூன்று நாள் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை பேசுகிறேன், எந்த ஊரில் இருந்தாலும் போன் பண்ணுகிறேன், முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன் என்று அவள் முன்னாலேயே சொன்னேன். ஏதோ படகு ஒப்பந்தம் மாதிரி இருந்தது. அவள் சிரித்தாள்.

உதவி இல்லாத காலம் இல்லை இது. அரசுப் பள்ளியில் படித்தால் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் கட்டணமும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். வழிகாட்ட 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. எல்லாம் உண்மையிலேயே நல்ல திட்டங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இ-சேவை மையம் போக வேண்டும். அங்கே போனால் ஓடிபி வரும்.

அந்த ஓடிபியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். 2024 மே மாதம். அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இன்ஜினியரிங் சேர வேண்டும். சான்றிதழுக்காக நானும் அவளும் மையத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பதிவில் இருக்கும் நம்பர் அவள் அப்பாவுடையது. அப்பா நாட்டுப்படகில் கடலில். மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே, நாட்டுப்படகு போகும். போன், பாலிதீன் பையில் சுற்றி சாப்பாட்டுத் தூக்கோடு வல்லத்துக்குள் கிடக்கிறது. சிக்னல் கிடையாது. தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டரில் ஓடிபிக்கான நேரம் முடிந்து போகிறது, மறுபடி அனுப்பு, மறுபடி முடிகிறது. மையத்துப் பையன், "நாளைக்கு வாங்கண்ணே" என்கிறான். அவள் முகம் சுருங்கிவிட்டது. இந்த மாதிரி 'நாளைக்கு வாங்க' மூன்று முறை கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்காவது முறை போக மாட்டார்கள். இன்ஜினியரிங் நின்று போவது பெரும்பாலும் மார்க்கால் இல்லை, இந்த இடத்தில்தான்.

மறுநாள் அப்பாவையே கூட்டிக்கொண்டு போனோம். உப்பு படிந்த கையோடு போனைத் துடைத்துத் துடைத்து நம்பரைப் படித்தார். ஆறு எண்ணில் நாலாவதைத் தப்பாகச் சொன்னார். மறுபடி அனுப்பு.

அதற்கப்புறம் இன்ஜினியரிங் கவுன்சிலிங் பதிவு. என் கடை கம்ப்யூட்டரில் அவளை உட்கார வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று யோசிக்கிறாள். 'இனிஷியல் முன்னாலயா பின்னாலயா?' வெளியே ஒரு டிரைவர் இன்ஜினைத் திறந்து போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பொறுக்க முடியாமல் மவுஸை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன். படபடவென்று இரண்டு பக்கம் நிரப்பினேன். பெருமையாகத் திரும்பினால், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலானை.

"இது எதுக்குண்ணே மாட்டி வச்சிருக்கீங்க?"

மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். டிரைவரிடம் இன்னும் அரை மணி நேரமாகும் என்றேன். அவர் திட்டினார். முக்கால் மணி நேரமானது. உள்ளே போய் எட்டிப் பார்க்கக்கூடாது என்று, சுத்தமாக இருந்த ஒரு ஃபில்டரை மூன்று தடவை கழுவினேன். பாய் காலண்டர் பார்த்த மாதிரி.

பாய் 2011இல் இறந்துபோனார். நான் அப்போது வேறு ஊரில். அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவர் மகன் பிறகு அந்தப் பழைய கணக்கு நோட்டுகளில் ஒன்றைத் தந்தார். 48க்குப் பக்கத்தில் என் பெயர் முழுசாக இருக்கிறது.

நான் விட்டுவிட்ட அந்தப் பையன் இப்போது விசைப்படகு டிரைவர். இன்ஜின் பழுதானால் என்னிடம்தான் வருகிறான். நன்றாகப் பேசுவான். மற்ற எல்லாரும் என்னை அண்ணே என்பார்கள், அவன் மட்டும் 'சார்'. திருத்த எனக்கு வாய் வரவில்லை.

அவள் காரைக்குடியில் இரண்டாம் வருஷம். போன வியாழன் நான் மண்டபத்தில் ஒரு படகுக்குள் குனிந்து கிடந்தேன். அஞ்சரை தாண்டிவிட்டது, ஆறே காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"என்னண்ணே, மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா, கை முழுக்க ஆயில். சொல்லு, இந்த வாரம் என்ன புதுசு?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஏழு நாள்ல ஒண்ணுமேவா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஹாஸ்டலில் மீன் குழம்பு என்று சொல்லி ஐஸில் வைத்த ஏதோ ஒரு மீனைப் போட்டார்களாம், அதை அவள் மீன் என்றே ஒத்துக்கொள்ளவில்லையாம், மெஸ் மாஸ்டரோடு சண்டையாம். எந்த மீன் என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. பாம்பன்காரிக்கு மீன் பேர் தெரியவில்லையா என்று ஓட்டினேன். "அடுத்த வாரம் போட்டோ எடுத்து அனுப்புறேன், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று வைத்துவிட்டாள்.